வெல்டருக்கு எதற்குச் சமூகவியல்?

அமெரிக்க அரசியல்வாதிகளுக்குத் தேர்தல் நெருங்கும்போதெல்லாம் வெல்டர்கள் மேல் திடீர்ப் பாசம் பொங்கும். 2015 நவம்பரில் குடியரசுக் கட்சி வேட்பாளர்களின் தொலைக்காட்சி விவாதத்தில் மார்கோ ரூபியோ, நாட்டுக்கு இன்னும் நிறைய வெல்டர்கள் வேண்டும், தத்துவம் படித்தவர்கள் குறைந்தால் நல்லது என்கிற தோரணையில் பேசிக் கைதட்டல் வாங்கினார். இது ஒரு கட்சியின் வியாதி மட்டும் அல்ல. 2014 ஜனவரியில் ஒபாமா தொழிற்கல்வியைப் புகழ்கிற வேகத்தில் கலை வரலாற்றுப் பட்டத்தை லேசாக இடித்துவிட்டு, பிறகு ஒரு பேராசிரியைக்குக் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அதற்கும் முன்னால், 2011-இல், ஃப்ளோரிடா ஆளுநராக இருந்த ரிக் ஸ்காட், தன் மாநிலத்துக்கு மேலும் மானுடவியலாளர்கள் தேவையில்லை என்று சொன்னார். அவருடைய சொந்த மகளே மானுடவியல் பட்டதாரி என்பதைப் பத்திரிகைக்காரர்கள் தேடிப்பிடித்து எழுதினார்கள். பாவம் மனிதர்!

இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தச் சிரிப்புக்குள்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. ஆளுநர் மகள் மானுடவியல் படிக்கலாம், யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஹார்வர்டில் மாணவர்கள் அதிகம் எடுக்கும் பாடங்களில் பொருளாதாரமும் அரசறிவியலும் வருடா வருடம் முன்வரிசையில் நிற்கின்றன. அந்தப் பிள்ளைகளிடம் போய் "தம்பி, இதெல்லாம் சோறு போடாது, வெல்டிங் கத்துக்கோ" என்று எந்த அரசியல்வாதியும் சொன்னதாகத் தெரியவில்லை. அப்படியானால் இந்த உபதேசம் யாருக்கு? சமுதாயக் கல்லூரியில் படிக்கிறவனுக்கு. அங்கே படிக்கிறவளுக்கு.

சமுதாயக் கல்லூரி என்றதும் நம்மூர்க்காரர்களுக்குத் தையல், கணினி, செவிலியர் உதவியாளர் பயிற்சிதான் நினைவுக்கு வரும். அதில் தப்பில்லை. 1995-இல் புதுச்சேரியிலும் 1996-இல் சென்னையிலும் அந்தப் பெயரில் தொடங்கப்பட்டவை பள்ளிப் படிப்பை விட்டவர்களுக்கு ஒரு கைத்தொழிலைக் கொடுக்கத்தான் வந்தன, அந்த வேலையைச் செய்தன. ஆனால் பெயரைக் கடன் வாங்கிய இடத்தில் பொருளே வேறு. அமெரிக்காவில் அது இரண்டு வருடப் பொதுக் கல்லூரி. பள்ளியை முடித்த யாரும் சேரலாம், நுழைவுத்தேர்வு கிடையாது, மதிப்பெண் கெடுபிடி கிடையாது. தொழில் சான்றிதழ் படிக்கிறவர்கள் ஒரு பக்கம் இருக்க, பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு வருடப் பாடங்களை இங்கேயே குறைந்த செலவில் முடித்துக்கொண்டு, மூன்றாம் வருடத்துக்குப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்பவர்கள் இன்னொரு பக்கம். 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் முதல் அரசுக் கல்லூரி தொடங்கியதே இந்த இரண்டாவது வேலைக்குத்தான். 1947-இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, "சமுதாயக் கல்லூரி" என்கிற பெயரை நாடு முழுவதும் பரப்பியபோது அதன் அறிக்கைக்கு வைத்த தலைப்பு, அமெரிக்க ஜனநாயகத்துக்கான உயர்கல்வி என்ற பொருள்பட இருந்தது. கவனியுங்கள், ஜனநாயகத்துக்கு. போர் முடிந்து இரண்டே வருடம். ஹிட்லரை ஓட்டுப்போட்டு வளர்த்த தேசம் ஒன்றும் படிக்காத தேசம் அல்ல, அதன் பொறியாளர்கள் உலகத்தரமானவர்கள். அந்த ஞாபகம் அப்போது எல்லோருக்கும் பச்சையாக இருந்தது. திறமை மட்டும் போதாது, தான் வாழும் சமூகம் எப்படி ஓடுகிறது என்பதும் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்று அன்றைக்குச் சொல்வதற்கு யாரும் கூச்சப்படவில்லை.

இன்றைக்குக் கூச்சப்படுகிறார்கள்.

2024 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் நடந்ததைப் பாருங்கள். அந்த மாநிலத்தில் 28 அரசுக் கல்லூரிகள் ஒரே அமைப்பின் கீழ் இருக்கின்றன, பழைய சமுதாயக் கல்லூரிகளின் வாரிசுகள். இவற்றிலும் அரசுப் பல்கலைக்கழகங்களிலும் எல்லா மாணவரும் ஐந்து துறைகளில் தலா ஒரு பாடமாவது மாநிலம் கொடுக்கும் மையப் பட்டியலிலிருந்து எடுத்தாக வேண்டும். அந்த ஐந்தில் ஒன்று சமூக அறிவியல். சமூக அறிவியல் பட்டியலில் உளவியல், பொருளாதாரம், மானுடவியல், அரசறிவியல், அமெரிக்க வரலாறு ஆகியவற்றோடு சமூகவியல் அறிமுகமும் இருந்தது. அந்த ஒன்றை மட்டும் மாநிலக் கல்வி வாரியம் கல்லூரிகளுக்கு நீக்கியது, அடுத்த வாரமே பல்கலைக்கழகங்களின் ஆளுநர் குழுவும் நீக்கியது. அந்த இடத்தில் 1877 வரைக்குமான அமெரிக்க வரலாற்று அறிமுகத்தை வைத்தார்கள். சமூகவியலை இடதுசாரிகள் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்பது மாநிலக் கல்வி ஆணையர் 2023 டிசம்பரில் சொன்ன காரணம்.

வரலாறு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வரலாறும் சமூக அறிவியலின் பங்காளிதான், பங்காளிகளை மோதவிட்டு வேடிக்கை பார்ப்பது பழைய தந்திரம். கேள்வி வேறு. "பாடத்தைத் தடை செய்யவில்லையே, பட்டியலில் இருந்துதானே எடுத்தோம், விருப்பம் உள்ளவர்கள் விருப்பப் பாடமாகப் படித்துக்கொள்ளட்டுமே" என்று ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அது யாருக்கு நியாயம் என்று பார்க்க வேண்டும்.

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வயது இருபத்தாறு, ஒரு குழந்தை. மாலை நான்கு மணியிலிருந்து இரவு பதினொன்று வரை உணவகத்தில் பரிமாறும் வேலை. காலையில் கல்லூரி. இரண்டு வருடப் பட்டத்துக்கு 60 கிரெடிட், அதில் 36 பொதுக் கல்விப் பாடங்கள். பின்னால் செவிலியர் பட்டப்படிப்புக்கு மாற வேண்டும் என்பது அவள் திட்டம். அதற்கு முன்தேவையாக உடற்கூறியல், வேதியியல், நுண்ணுயிரியல், அவற்றின் ஆய்வகங்கள் என்று மிச்சமுள்ள 24 கிரெடிட்டையும் விழுங்கி ஏப்பம் விட ஆள் இருக்கிறது. போதாக்குறைக்கு மத்திய அரசின் உதவித்தொகை, பட்டத்துக்குக் கணக்காகும் பாடங்களுக்கு மட்டும்தான். "ஆசைக்கு ஒரு பாடம்" என்கிற ஆடம்பரம் அவளுக்குக் கிடையாது. பட்டியலில் இருந்தால் படிப்பாள். பட்டியலில் இல்லாவிட்டால் அவளுக்கு அந்தப் பாடம் உலகத்திலேயே இல்லை. நான்கு வருடம் விடுதியில் தங்கி அப்பா காசில் படிக்கிற பையனுக்கு அதே பட்டியல் ஒரு காகிதம், அவ்வளவுதான். அவன் மூன்றாம் வருடத்தில்கூடப் போய் உட்கார்ந்துகொள்ளலாம். ஒரே விதி, இரண்டு பேருக்கும் சமம். ஆனால் அடி ஒருத்திக்கு மட்டும்.

இப்படி ஒரே விதி ஏன் இரண்டு பேர் மேல் இரண்டு விதமாக விழுகிறது என்று சொல்லிக்கொடுக்கிற பாடத்தின் பெயர்தான் சமூகவியல் என்பது இதில் உள்ள வேடிக்கை.

சரி, அவள் அந்த வகுப்பில் உட்கார்ந்தால் அப்படி என்ன கிடைத்துவிடும்? "கோட்பாடு, கருத்தியல்" என்று மிரளத் தேவையில்லை. ஆர்லி ஹாக்‌ஷில்ட் என்ற சமூகவியலாளர் 1983-இல் ஒரு புத்தகம் எழுதினார். விமானப் பணிப்பெண்கள் சம்பளத்துக்காகச் சிரிக்க வேண்டியிருப்பதைப் பற்றியது. உடல் உழைப்பு மாதிரி, மூளை உழைப்பு மாதிரி, உணர்ச்சியை வரவழைத்துக் காட்டுவதும் ஓர் உழைப்பு, அதையும் முதலாளி வாங்குகிறார், அதற்குத் தனிக்கூலி தருவதில்லை, அதைப் பெரும்பாலும் பெண்களிடம்தான் எதிர்பார்க்கிறார்கள் என்பது அவர் வாதம். பணக்காரப் பல்கலைக்கழகத்தில் இதை ஒரு கருத்தாக்கமாக மனப்பாடம் செய்து தேர்வு எழுதுவார்கள். நம் மாணவி இதைப் படிக்கும்போது முந்தைய நாள் இரவு பதினொரு மணிக்குக் கன்னம் வலித்தது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். அமெரிக்க உணவகத்தில் டிப்ஸ்தான் பாதிச் சம்பளம், சிரிப்பு நின்றால் டிப்ஸ் நிற்கும். நாளைக்கு அவள் செவிலியாகப் போகப் போகிறாள். அங்கே இந்தக் கணக்கு இன்னும் பெரிது. இதைப் படித்ததால் அவள் வேலையை விட்டுவிடப் போவதில்லை, சிவப்புக் கொடி பிடிக்கப் போவதும் இல்லை. தான் சோர்ந்து போவது தன் குணக்கேடு அல்ல என்று தெரிந்துகொள்வாள். ஒரு பருவத்துக்கு மூன்று கிரெடிட் கொடுத்து வாங்குகிற பொருளில் இதைவிட மலிவானது எது?

அல்லது வரைபடத்தை எடுத்துக்கொள்ளலாம். 1930-களில் வீட்டுக்கடனுக்கான மத்திய அரசு நிறுவனம் ஒன்று அமெரிக்க நகரங்களைத் தெருத் தெருவாகப் பிரித்து நிறம் பூசியது. பச்சை என்றால் கடன் கொடுக்க உகந்த இடம், பிறகு நீலம், மஞ்சள், கடைசியில் சிவப்பு, அபாயம். கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் வழக்கமாகச் சிவப்பில் விழுந்தன. ரிச்மண்ட் பல்கலைக்கழகக்காரர்கள் அந்த வரைபடங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். மயாமியும் அதில் உண்டு. ஆசிரியர் பெரிதாகப் பேசவே வேண்டாம். "உங்கள் தெரு எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்" என்றால் போதும். சமுதாயக் கல்லூரி மாணவர்களில் பெரும்பாலானவர்கள் அதே ஊர்க்காரர்கள், வீட்டிலிருந்து வந்துபோகிறவர்கள். தன் தெருவில் ஏன் நல்ல கடை இல்லை, தாத்தா ஏன் கடைசிவரை வாடகை வீட்டிலேயே இருந்தார் என்கிற கேள்விகளுக்கு ஒரு பகுதி விடை அந்த நிறத்தில் இருக்கும். முழு விடையும் அதில் இல்லை என்பது அடுத்த வகுப்பு. அந்த வரைபடங்கள் அநியாயத்தை உண்டாக்கினவா, அல்லது ஏற்கெனவே இருந்ததைப் பதிவு செய்தனவா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. அந்தச் சண்டையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பதுதான் பாடம். பிரச்சாரம் என்று பழி போடுகிறவர்கள் இந்த இரண்டாவது வகுப்புக்கு வந்ததே இல்லை போலிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. இந்த வகுப்பறையில் பத்தொன்பது வயதுப் பையனுக்குப் பக்கத்தில் ராணுவத்திலிருந்து திரும்பியவர் இருப்பார், அவருக்குப் பின்னால் பேரன் எடுத்த அம்மா இருப்பார். வேலையின்மை பற்றிப் பேச்சு வந்தால் அதை அனுபவித்தவர் ஒருவராவது எழுந்து பேசுவார். பேசுகிறவர் சொல்வது சில நேரம் பாடப்புத்தகத்துக்கு நேர் எதிராகவும் இருக்கும், ஆசிரியர் திணறுவார். ஆயிரம் கோடி டாலர் வைத்திருக்கிற பல்கலைக்கழகம் காசு கொடுத்தாலும் இப்படி ஒரு வகுப்பைக் கூட்ட முடியாது.

வேலைக்கு உதவாது என்கிற வாதத்துக்கு வரலாம். மருத்துவப் படிப்பைவிட வேலைக்கு உதவுகிற படிப்பு உண்டா? அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி நுழைவுத்தேர்வான எம்கேட்டை 2015-இல் மாற்றி அமைத்தபோது புதிதாக ஒரு முழுப் பகுதியைச் சேர்த்தார்கள். உளவியலும் சமூகவியலும் கேட்கிற பகுதி அது. நோயாளி ஏன் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை, வறுமை உடம்பில் எப்படி இறங்குகிறது என்று தெரியாத டாக்டர் பாதி டாக்டர் என்று மருத்துவக் கல்லூரிகளின் சங்கத்துக்கே தோன்றியிருக்கிறது. டாக்டருக்குச் சமூகவியல் வேண்டுமாம். அதே வார்டில் அவருக்குப் பக்கத்தில் நிற்கும் செவிலிக்கு வேண்டாமாம். (ரொனால்ட் ரீகன் 1932-இல் வாங்கிய பட்டம் பொருளாதாரத்திலும் சமூகவியலிலும் என்பதையும் போகிற போக்கில் ஞாபகப்படுத்தலாம். மார்ட்டின் லூதர் கிங்கும் சமூகவியல் பட்டதாரிதான். ஒரே பாடத்தைப் படித்து இந்த இரண்டு பேரும் எந்தெந்தத் திசைக்குப் போனார்கள் பாருங்கள். மூளைச் சலவை செய்கிற பாடமாக இருந்தால் ரொம்ப மோசமான சோப்பு!)

எதிர்த்தரப்பில் ஒரு வாதம் மட்டும் கனமானது. அதைத் தாண்டிக் குதித்து ஓடக் கூடாது. சமுதாயக் கல்லூரியில் பொதுக் கலைப் பாடங்களில் இரண்டு வருடப் பட்டம் வாங்கி அதோடு நின்றுவிட்டால், வேலைச்சந்தையில் அதற்குப் பெரிய மதிப்பு இல்லை. செவிலியர் படிப்புக்கோ மின்பணிக்கோ உள்ள மதிப்பு அதற்குக் கிடையாது. உண்மை. அந்தப் பட்டம் பாதிப் பாலம். மறுபாதி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அந்த மறுகரையை எத்தனை பேர் தொடுகிறார்கள்? சேருகிறவர்களில் பத்துக்கு எட்டு பேர் நான்கு வருடப் பட்டம்தான் லட்சியம் என்கிறார்கள். 2024-இல் வெளியான தேசியக் கணக்கின்படி மூன்றில் ஒரு பங்கினர்தான் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார்கள். ஆறு வருடத்துக்குள் பட்டம் வாங்குகிறவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர் மட்டும். வெட்கக்கேடான எண்.

ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு "பார்த்தீர்களா, இவர்களுக்கு இந்தப் படிப்பு சரிவராது" என்பது, பாலத்தில் பலகையை உருவிவிட்டு நடக்கிறவனுக்குக் கால் சரியில்லை என்பது போல. பலகையை உருவியது யார்? மாணவர் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது படித்த கிரெடிட்டை ஏற்றுக்கொள்ள மறுப்பார்கள். 2017-இல் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே பார்த்துச் சொன்ன கணக்கு: எல்லா வகைக் கல்லூரி மாற்றங்களையும் சேர்த்தால் சராசரியாக 43 சதவீத கிரெடிட் காற்றில் போகிறது. காசு கொடுத்துப் படித்துத் தேறிய பாடங்கள்! கலிஃபோர்னியாவில் இன்னொரு கூத்து. சமூகவியல் படிக்க வந்தவரைக்கூட நிலைத்தேர்வு ஒன்றை வைத்து, பள்ளி அல்ஜீப்ராவை மறுபடி படி என்று கிரெடிட் இல்லாத வகுப்புகளில் ஒரு வருடம், இரண்டு வருடம் உட்கார வைப்பார்கள். அதிலேயே பாதிப்பேர் களைத்துப் போய்விடுவார்கள். சமூகவியலுக்குத் தேவை புள்ளியியல், அல்ஜீப்ரா அல்ல. 2017-இல் சட்டம் போட்டு, 2019 முதல் நேரடியாகப் புள்ளியியல் வகுப்பில் சேரலாம் என்று மாற்றிய பிறகு கணக்கு வகுப்பை முதல் வருடத்திலேயே தேறியவர்கள் எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறியது. மாணவர்கள் ஒரே இரவில் புத்திசாலிகள் ஆகிவிடவில்லை, வாசலில் கிடந்த கல்லை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரிகளில் 2007-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். முழுநேரம் படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. பதிலுக்குக் கட்டணத்தில் மிச்சம் விழுவதைத் தள்ளுபடி செய்தார்கள், பாடப்புத்தகம் வாங்கித் தந்தார்கள், ரயிலுக்கு மாதப் பாஸ் கொடுத்தார்கள், அடிக்கடி கூப்பிட்டு விசாரிக்க ஓர் ஆலோசகரை வைத்தார்கள். குலுக்கல் முறையில் ஆளைப் பிரித்து ஒப்பிட்டார்கள். மூன்று வருடத்தில் பட்டம் வாங்கியவர்கள் திட்டத்துக்கு வெளியே 22 சதவீதம், உள்ளே 40 சதவீதம். ரயில் பாஸ்! இதற்காக யாரையும் வெல்டராக மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பலகை உருவும் வேலைக்கு ஒரு பெயரும் இருக்கிறது. பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஒரு சமுதாயக் கல்லூரியைக் கூர்ந்து பார்த்து 1960-இல் எழுதினார். எல்லோரையும் உள்ளே விடுகிற கல்லூரியால் எல்லோரையும் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப முடியாது. மிச்சப்பேரை "நீ தோற்றாய்" என்று முகத்தில் அடிக்கவும் முடியாது. எனவே நிலைத்தேர்வு, ஆலோசகர், அறிமுக வகுப்பு என்று மெதுவாக, அன்பாக, "உனக்கு இது பொருத்தமாக இருக்குமே" என்று ஆசையைக் குறைத்துக்கொள்ளப் பழக்குகிறார்கள். இதற்கு அவர் பயன்படுத்திய சொல் ஆறவைத்தல். அந்தச் சொல்லை அவர் எர்விங் காஃப்மனின் 1952 கட்டுரையிலிருந்து எடுத்தார். காஃப்மன் அதை எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? மோசடிக்காரர்களின் பேச்சிலிருந்து. ஒருவனை ஏமாற்றிப் பணத்தைப் பறித்த பிறகு, அவன் போலீசுக்குப் போகாமல் இருக்க, கூட்டத்தில் ஒருவன் பின்தங்கி நின்று தோளில் கைபோட்டு ஆறுதல் சொல்வானாம். அந்த வேலைக்குத்தான் அந்தப் பெயர். பிறகு 1989-இல் ஸ்டீவன் பிரிண்ட், ஜெரோம் காரபெல் என்ற இருவர் இந்தக் கல்லூரிகளின் வரலாற்றைத் தோண்டி இன்னொன்றைக் காட்டினார்கள். தொழிற்பயிற்சி வேண்டும் என்று மாணவர்கள் கேட்டு அது வந்துவிடவில்லை. மாணவர்கள் பல பத்தாண்டுகள் பல்கலைக்கழகப் பாதையைத்தான் விடாமல் கேட்டார்கள். தொழிற்பிரிவை வளர்த்தால்தான் தங்களுக்கென்று ஓர் இடம் கிடைக்கும் என்று நினைத்துத் தள்ளியது கல்லூரிகளின் தலைமைதான்.

இவை எல்லாம் சமூகவியல் புத்தகங்களில் இருக்கின்றன. யாருக்கு இது நடக்கிறதோ அவள் படிக்கும் பட்டியலில் அந்தப் பாடம் இல்லாமல் இருப்பது எவ்வளவு வசதி!

பழியை எல்லாம் அரசியல்வாதி தலையில் போட்டுவிட்டு இந்தப் பாடங்களின் ஆதரவாளர்கள் கைகழுவிக்கொள்ளவும் முடியாது. பல இடங்களில் சமூக அறிவியல் அறிமுகம் என்பது நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாடி வினாவாகச் சுருங்கிப்போயிருக்கிறது. துர்க்கைமுக்குப் பக்கத்தில் தற்கொலை, வெபருக்குப் பக்கத்தில் அதிகார வர்க்கம் என்று கோடு போட்டு இணைத்தால் ஏ கிரேடு. இது படிப்பா, பொருத்துக பகுதியா? பதிப்பகங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அட்டையை மாற்றிப் புதுப் பதிப்பு என்று நூறு டாலருக்கு மேல் விற்ற காலமும் உண்டு. கலிஃபோர்னியாவில் 2012 முதல் யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம், மூன்று யூனிட் சமூகவியலுக்கு 138 டாலர். புத்தகம் கிட்டத்தட்ட கட்டணத்தோடு போட்டி போட்டது. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் அதே 2012-இல் சமூகவியல் பாடப்புத்தகத்தை இலவசமாகக் கொடுத்த பிறகுதான் இந்தப் பகல்கொள்ளைக்கு ஒரு மாற்று வந்தது.

ஆனால் மேம்போக்கான வகுப்புக்கும் காரணம் தேடினால் பழைய இடத்துக்கே வந்து சேரும். சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பகுதிநேரம். கலிஃபோர்னியாவில் பகுதிநேர ஆசிரியர் ஒரு மாவட்டத்தில் முழுநேரப் பளுவில் 67 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதி. முழுநேர வேலை கொடுக்காமல் முழுநேரமாக உழைக்க வைப்பதைத் தடுக்க வந்த விதி இது. நடைமுறையில் என்ன ஆயிற்று? காலையில் ஒரு மாவட்டக் கல்லூரி, மதியம் நாற்பது மைல் தள்ளி இன்னொன்று, இரவு மூன்றாவது. நெடுஞ்சாலையில் பறக்கிறவர்கள் என்று இவர்களுக்குப் பட்டப்பெயரே உண்டு. காரின் டிக்கிதான் அலுவலகம். நூற்றிருபது மாணவர்களின் கட்டுரையை இவர் எந்த நேரத்தில் உட்கார்ந்து திருத்துவார்? அதனால் வினாடி வினா. பரிமாறும் பெண்ணும் அவளுக்கு உழைப்புச் சுரண்டல் பற்றிப் பாடம் நடத்துகிறவரும் ஒரே வாகன நிறுத்தத்தில், ஒரே மாதிரிப் பழைய காரில், ஒரே மாதிரி அவசரமாகச் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான செய்முறை விளக்கம் கிடையாது.

அடுத்தது என்ன நடக்கும் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை, கல்லூரி நிர்வாகம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் போதும். ஒவ்வொரு பருவமும் வகுப்பு தொடங்குமுன் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பார்கள். போதிய ஆள் சேராத வகுப்பை ரத்து செய்துவிடுவார்கள். பகுதிநேர ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போகும், வருத்தம் தெரிவித்து. மையப் பட்டியலில் இல்லாத பாடத்தில் கூட்டம் குறையும். மூன்று பிரிவு ஒன்றாகும், ஒன்று வருடத்துக்கு ஒருமுறை ஆகும். பிறகு யாராவது ஒருவர் கூட்டத்தில் எழுந்து, கையில் அட்டவணையோடு, "மாணவர்களே இதைக் கேட்பதில்லை" என்பார். அந்த அட்டவணையில் எண்கள் எல்லாம் சரியாக இருக்கும்.